முருகனுக்கு ஒரு தட்டு பீச் காப்ளர்

இந்த ஆடிக் கிருத்திகைக்குக் கோயில் வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். கையில் சூடு ஆறாத கண்ணாடித் தட்டு, மேலே அலுமினியத் தாள். அங்கே நின்ற வாலன்டியர் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். "ஆன்ட்டி, வீட்ல பண்ண நைவேத்தியம் இப்ப அலவ்டு இல்ல. பாலிசி. கார்ல வெச்சுட்டு வந்துருங்க."

காருக்குத் திரும்பித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நெய்யும் பீச் பழமும் கார் முழுக்க மணத்தன. அந்த மணம் வந்தால் டார்லீன் நினைவுக்கு வராமல் இருப்பாளா?

டார்லீனும் நானும் சுகர் லேண்ட் என்ற இந்த அமெரிக்க ஊரில் ஒரு பள்ளிக்கூடக் கஃபேடீரியாவில் வேலை பார்த்தோம். நான் பத்தாவதோடு நின்றவள். 'யெஸ்', 'ஓகே', 'வெரி ஹாட்' என்பதை வைத்தே அங்கே காலம் தள்ளினேன். அவள் சர்ச் பாட்டை முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவுவாள். நான் மனசுக்குள் கந்தனைக் கூப்பிட்டபடி துடைப்பேன்.

ஃப்ரீவே ஓரம் பிக்கப் டிரக்கில் பீச் வந்து இறங்கும் பருவத்தில் அவள்தான் காப்ளர் என்கிற அந்த ஓவன் பலகாரத்தைச் செய்யக் காட்டினாள். முட்டை உண்டா என்றுதான் முதலில் கேட்டேன். இல்லை. உருகிய வெண்ணெயின் மேல் மாவுக் கரைசல், அதன் மேல் சர்க்கரையில் ஊறிய பழம், அவ்வளவுதான். "டோன்ட் ஸ்டர், ஹனி" என்றாள். கிளறக் கூடாதாம். கேசரியும் பொங்கலும் கிளறியே பழகிய கை கேட்குமா? முதல் தடவை கிளறிவிட்டேன். வந்தது காப்ளரும் இல்லை, கேசரியும் இல்லை. "நல்லாத்தான இருக்குது" என்று என் வீட்டுக்காரர் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார், பாவம். கை வைக்காமல் விட்டால் அடியில் கிடக்கும் மாவு தானாக எழும்பிப் பழத்தை மூடிக்கொள்ளும்.

பிறகு வெண்ணெய்க்கு நெய், பட்டைக்கு ஏலக்காய் என்று மாற்றிக்கொண்டேன். சாமிக்கு என்பதால் ருசி பார்க்க மாட்டேன். எதையும் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்துவிடும் டார்லீனுக்கு இது பெரிய ஆச்சரியம். "அப்புறம் எப்படித் தெரியும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் மேலே கையைக் காட்டினேன். "ஆமென்" என்றாள்.

அப்போது இந்தக் கோயில் கிடையாது. கிருத்திகை பஜனை பத்மா ஆன்ட்டி வீட்டு ஹாலில் நடக்கும். என் தட்டைப் பார்த்ததும் ஆன்ட்டி கேட்டார், "என்னது, கேக்கா?"

"பீச் பழமுங்க. முட்டை போடலீங்க."

"அதுக்கில்ல. ஓவன்ல பண்ண டெசர்ட்டப் போய் சாமி முன்னால வைப்பாங்களா? டைனிங் டேபிள்ல வைங்க, குழந்தைங்க சாப்பிடட்டும்."

"நல்ல வேளை, பீட்சா கொண்டு வரல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

டாக்டர், எஞ்சினியர் வீட்டுப் பெண்கள் நடுவில் பூத் தொடுத்துக்கொண்டு ஓரமாக உட்காருகிறவள் நான். அன்று தட்டு டைனிங் டேபிளுக்குப் போயிருந்தால் என் இடமும் காலத்துக்கும் அங்கேதான்.

"பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டு மலையேறுன சாமிங்க அது. பழத்தோட வந்தவளைத் திருப்பி அனுப்பச் சொல்றீங்களா?"

என்று கேட்டுக்கொண்டே தட்டோடு முன்னால் போனேன். சுண்டலுக்கும் பொங்கலுக்கும் நடுவில் இடித்துப் பிடித்து வைத்தேன். ஆரத்தி அதற்கும் சேர்த்துத்தான் காட்டினார்கள். பெரியவர்கள் யாரும் தொடவில்லை. குழந்தைகள் தட்டைச் சுரண்டிவிட்டு, "ஆன்ட்டி, இஸ் தேர் மோர்?" என்று கேட்டார்கள்.

அதன்பின் ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் கொண்டுபோனேன். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. பத்மா ஆன்ட்டி மட்டும் என் முகத்தைப் பார்க்காமலே சுண்டல் கிண்ணத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பார்.

அந்த வீட்டை விற்றுவிட்டு ஆன்ட்டி நியூ ஜெர்சியில் இருக்கும் மகனிடம் போய்விட்டார்; கிருத்திகை இந்தக் கோயிலுக்கு மாறியது. டார்லீன் போனவருஷம் கர்த்தரிடம் போனாள். பீச் டிரக் நின்ற இடத்தை அகலமான ஃப்ரீவே விழுங்கிவிட்டது. எதிரே ஒரு முகம் இருந்தால் சண்டை போடலாம். பாலிசியோடு எப்படிப் போடுவது?

கோபுரம் முன்கண்ணாடி வழியே நேராகத் தெரியும்படி காரைத் திருப்பி நிறுத்தினேன். தாளை விலக்கித் தட்டை டாஷ்போர்டில் வைத்தேன். "முருகா, மலையெல்லாம் இறங்க வேண்டாம். பார்க்கிங் லாட் வரைக்கும் வந்தாப் போதும்."

கண்ணை மூடிக் கும்பிட்டேன். அப்புறம் ஒரு காகிதக் கப்பில் கொஞ்சம் எடுத்துப்போய் வாசலில் நின்ற அந்தப் பெண்ணிடம் நீட்டினேன்.

"நைவேத்தியம்தான உள்ள போகக் கூடாது கண்ணு. இது பிரசாதம்."

அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கிண்ணத்தை நகர்த்தி இடம்விட இனி யாரும் இல்லை. இல்லாவிட்டால் என்ன, அடுத்த கிருத்திகைக்கும் கொண்டுபோவேன்.