தீவு பார்த்த டீக்கடை

சேலத்திலிருந்து பெங்களூர் திரும்பும் வழியில், அதியமான்கோட்டையில் டீக்கு நிற்கிறோம். லாரி போகும்போதெல்லாம் பெஞ்சு அதிர்கிறது. பத்தாவது கல்யாண நாளுக்குப் போக, கரீபியன் கடலில் ஆளரவமில்லாத ஒரு தீவை என் மனைவி சுமதியும் நானும் போனில் தேடிப் பிடித்துவிட்டோம். டீ ஆற்றியபடியே கடைக்கார அக்கா படத்தை எட்டிப் பார்க்கிறார்.

"அங்க என்னங்க இருக்குது?"

"ஒண்ணுமில்லக்கா. அதுக்குத்தான் போறோம்," என்கிறாள் சுமதி.

"டவராச்சும் கெடைக்குங்களா?"

"கெடைக்காது" என்று அவளும், "நல்லா கெடைக்கும்" என்று நானும் ஒரே நேரத்தில் சொல்கிறோம். ஆபீஸ் வேலைக்காக அதை நான் முதலிலேயே பார்த்து வைத்திருக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை.

அக்கா இரண்டு டம்ளர்களையும் எங்கள் நடுவில் வைக்கிறார்.

"அப்ப ஆளுக்கொரு தீவுக்குப் போறீங்க போல இருக்குதுங்க."

சுமதியின் டீயில் ஆடை படிகிறது.