அந்தர் விலையும் கிலோ விலையும்

மருதனார்மடம் சந்தையில் கமலாவதிக்குப் பொய் விலை சொன்னவர் எவரும் மறுநாள் அதைத் திரும்பச் சொன்னதில்லை. இருபத்தாறு வருடமாக அவருடைய உத்தியோகமே அதுதான். விடிய ஆறரைக்கு இணுவிலில் இருந்து சைக்கிளில் போய், கத்தரிக்காய் என்ன விலை, மரவள்ளி என்ன விலை, வெங்காயம் என்ன விலை என்று பார்த்து, அரசாங்கம் கொடுத்த நீட்டுக் கொப்பியில் எழுதுவது. வியாபாரி சொன்ன விலையை எழுதமாட்டார். யாராவது வாங்கிக் காசு கொடுக்கும்வரை பக்கத்திலேயே நின்று, கைமாறிய விலையைத்தான் எழுதுவார்.

"வாயாலை சொல்லுறது விலையில்லை. மடியிலையிருந்து வாறதுதான் விலை."

எழுதியது பிழைத்தால் அழிக்கவும் மாட்டார். பிழையான எண்ணின்மேல் ஒற்றைக் கோடு, அதற்கு மேலே சரியான எண், பக்கத்தில் கையெழுத்து, திகதி. பிழையும் தெரியவேண்டும், திருத்தமும் தெரியவேண்டும், யார் திருத்தினது என்பதும் தெரியவேண்டும். இந்தச் சட்டத்தை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்தான் கந்தோரில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

அவரிடம் ஒரு கதை இருந்தது. கலியாண வீடு, செத்த வீடு என்று பாராமல் சொல்லுவார். கொழும்பிலிருந்து வந்த இளம் அதிகாரி ஒருவர் பழைய கொப்பிகளைக் கொம்பியூட்டரில் ஏற்றினாராம். பழைய கொப்பியில் வெங்காயம் அந்தர் விலை, அதாவது ஐம்பது கிலோ மூட்டையின் விலை. புதுக் கொப்பியில் கிலோ விலை. மனிசன் இரண்டையும் ஒரே கோட்டில் போட்டு, வெங்காய விலை கிணற்றுக்குள் விழுந்ததுபோல ஒரு படம் கீறி, மேலிடத்துக்கும் அனுப்பிவிட்டாராம். "படிச்ச படிப்பைப் பார் அம்மாளாச்சி!" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிச் சிரித்த கமலாவதிக்குத்தான் இது நடந்தது.

2019இல் பென்சன் வந்தபோது பணிக்கொடையாக ஒரு தொகை கிடைத்தது. அதில் ஒன்றரை லட்சத்தைப் பங்கில் போடலாம் என்று நினைத்து யாழ்ப்பாண நகரத்தில் இருந்த பங்குத் தரகர் கந்தோர் ஒன்றுக்குப் போனார். அங்கே இருந்த மூன்று பேரில் இரண்டு பேர், "இது ஏறும் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கோ" என்றார்கள். மூன்றாவது ஆள், அச்சுவேலியிலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோகும் கீர்த்திகா என்ற பெட்டை, ஏறும் இறங்கும் என்று ஒன்றும் சொல்லவில்லை. திரையைத் திருப்பி, ஒரு பிஸ்கற் கொம்பனியின் நாலு வருட விலைப் பட்டியலைக் காட்டினாள். ஒவ்வொரு நாளும் தொடங்கின விலை, ஆகக்கூடியது, ஆகக்குறைந்தது, கடைசியாகக் கைமாறியது, எத்தனை பங்கு கைமாறினது.

"இனி என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியாது அன்ரி. இதுவரைக்கும் என்ன நடந்தது எண்டுதான் காட்டலாம்."

கமலாவதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கைமாறின விலையை எழுதிவைக்கிற இன்னொரு பிறவி! ஐப்பசி பதினாலாம் திகதி, பங்கு நூற்றைம்பது ரூபா படி, ஆயிரம் பங்கு வாங்கினார். அதன்பிறகு கீர்த்திகா அவருக்குப் பெறாமகள் மாதிரி. முருங்கைக்காய் காய்த்தால் ஒரு கட்டு யாழ்ப்பாணம் போகும். பெட்டையும் வாய் நிறைய "அன்ரி, அன்ரி" என்பாள்.

விலையை மட்டும் கமலாவதி பிறகு பார்க்கவேயில்லை. "இருபத்தாறு வருஷம் எழுதின கை. இனி ஆறட்டும்" என்றுவிட்டார். வருடா வருடம் பங்கிலாபம் வங்கியில் விழுந்தது. கொம்பனியிலிருந்து வழுவழுப்பான கடதாசியில் தடித்த கடிதங்கள் வந்தன. அவை குசினித் தட்டில் மிளகாய்த்தூள் பேணிகளுக்குக் கீழே விரிக்க நல்ல வாய்ப்பாக இருந்தன.

போன மாரியில் கூரை ஒழுகியது. ஓடு மாற்றப் பங்கைக் கொஞ்சம் விற்கலாம் என்று யோசித்து, புருஷன் பஞ்சலிங்கத்தைப் போனில் விலை பார்க்கச் சொன்னார். பஞ்சலிங்கம் பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். இப்போது போனோடுதான் சீவியம். கொம்பனியின் பெயரைப் போட்டதும் மலையும் பள்ளமுமாக ஒரு கோடு வந்தது.

"இண்டைக்கு நாப்பத்திரண்டு ரூபா" என்றார்.

"என்னது? நூத்தைம்பதுக்கெல்லோ வாங்கினனான்! அண்டைக்கு என்ன விலை எண்டு பாருங்கோ."

பஞ்சலிங்கம் விரலைக் கோட்டின் மேல் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனார். 2019 ஐப்பசி பதினாலு. முப்பது ரூபா.

கமலாவதி அலுமாரியைத் திறந்து, பங்கு வாங்கின அன்று கீர்த்திகா தந்த சீட்டை எடுத்தார். நூற்றைம்பது என்று தெளிவாக இருந்தது. முப்பது ரூபாச் சாமானுக்கு நூற்றைம்பது! ஆயிரம் பங்குக்கு ஒரு லட்சத்து இருபதினாயிரம் அடிபட்டிருக்கிறது. சந்தையில் ஒருவராலும் முடியாததை ஒரு பெட்டை சிரித்துச் சிரித்துச் செய்துவிட்டாளே!

"இஞ்சேர், ஒருக்கா அந்தப் பிள்ளையைக் கேட்டுப்போட்டு எழுதுமன்" என்றார் பஞ்சலிங்கம்.

கேட்பதாவது! எங்கள் ஊரில் முதலில் பெட்டிசம், பிறகுதான் கேள்வி. கமலாவதி அன்றைக்கே எழுதினார். "மேற்படி கீர்த்திகா என்பவர் பொய்ச் சீட்டுத் தயாரித்து, ஓய்வூதியம் பெறும் என்னை மோசடி செய்துள்ளார்." மூலம் கொழும்புத் தலைமையகத்துக்கு, பிரதிகள் வேறு நாலு இடங்களுக்கு, எல்லாம் பதிவுத் தபால். தபால் கந்தோரால் திரும்பி வரும் வழியில் சந்தைக்குள் இறங்கி, வெங்காயக்கார சிவகரனின் கடை வாசலில் நின்று கையில் இருந்த பிரதியைச் சத்தமாக வாசித்தும் காட்டினார். பத்துப் பன்னிரண்டு பேர் கேட்டார்கள். அதில் இரண்டு பேர் அச்சுவேலிக்காரர்.

மூன்றாம் வாரம் கீர்த்திகா படலையடியில் வந்து நின்றாள். "உள்ளை வா பிள்ளை" என்று பஞ்சலிங்கம் கூப்பிட்டும் வரவில்லை. முகம் வற்றிப்போயிருந்தது.

"விசாரணை முடியும்வரைக்கும் வேலைக்கு வரவேண்டாம் எண்டிட்டினம். கள்ளி எண்டு ஊரெல்லாம் கதை. எங்கடை அம்மா கோயிலுக்கும் போறேல்லை. ஒண்டே ஒண்டு கேக்க வந்தனான். உங்கடை கணக்கிலை இப்ப எத்தினை பங்கு கிடக்கு?"

"ஆயிரம். என்னட்டையே கணக்குக் கேக்கிறியோ?"

"ஐயாயிரம்."

"எங்காலை ஐயாயிரம்?" என்றார் கமலாவதி.

"போன வருஷம் கொம்பனி ஒவ்வொரு பங்கையும் ஐஞ்சாப் பிரிச்சது. உங்கடை ஆயிரம் ஐயாயிரமாச்சுது, விலை ஐஞ்சிலை ஒண்டாச்சுது. ஐயாயிரத்தை நாப்பத்திரண்டாலை பெருக்கிப் பாருங்கோ. ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம்."

"அப்ப போன் ஏன் அண்டைக்கு முப்பது எண்டு சொல்லுது? வித்த விலையைப் பிறகு மாத்திறதுக்கு அவை ஆர்? நான் எழுதின விலையை ஒருத்தரும் மாத்தினதில்லை!"

கீர்த்திகா பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து நீட்டினாள். "ஒருத்தரும் அழிக்கேல்லை. இது அண்டைக்குப் பங்குச் சந்தையிலை எழுதின விலை. பாருங்கோ, நூத்தைம்பது. மற்றது போனிலை வாற கோடு. பிரிச்ச அண்டைக்கு விலை திடீரெண்டு விழுந்தமாதிரிக் காட்டக்கூடாது எண்டு, பழைய விலையளையும் ஐஞ்சாலை பிரிச்சுக் கீறியிருக்கினம். பழைய பங்கு ஒண்டு, புதுப் பங்கு ஐஞ்சு. ரெண்டையும் அப்பிடியே பக்கத்திலை வைச்சுப் பாக்கேலாது."

"அந்தர் விலையையும் கிலோ விலையையும்..." என்று தொடங்கிய கமலாவதி அப்படியே நின்றுவிட்டார்.

ஐயோ, அந்த நிமிடத்தில் அவருக்கு வந்த வெட்கத்தை என்னவென்று சொல்ல! விறுவிறென்று குசினிக்குள் போனார். பேணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். மஞ்சள்தூள் பேணிக்குக் கீழே, வட்டமாகக் கறைபிடித்துக் கிடந்தது அந்த அறிவித்தல். சிங்களம், ஆங்கிலம், அடியிலே தமிழ்: ஒரு பங்கு ஐந்து பங்குகளாக உட்பிரிவு செய்யப்படும். ஒரு வருடமாக அதன்மேல்தான் கறிக்குத் தூள் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்பி வந்தபோது படலையில் யாரும் இல்லை. ஸ்கூட்டிச் சத்தம் றோட்டில் தேய்ந்துகொண்டிருந்தது. தாள்கள் இரண்டும் மதில்மேல், காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல்லின் கீழே இருந்தன.

பின்னேரமே கமலாவதி தன் பெட்டிசத்தில் ஐந்து பிரதி எடுத்தார். ஒவ்வொன்றிலும் "மோசடி" என்ற வரியின் மேல் அடிமட்டம் வைத்து ஒற்றைக் கோடு. மேலே: "பிழை என்னுடையது. இவர் தந்த சீட்டுச் சரியானது." பக்கத்தில் கையெழுத்து, திகதி. கூடவே கறைபிடித்த அறிவித்தலின் பிரதி. ஐந்தும் பதிவுத் தபால்.

தாளில் எழுதினதைத் தாளில் திருத்தலாம். வாயால் கொட்டினதை? நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள ஏலாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. என்றாலும் மறுநாள் சனம் முட்டின நேரமாகப் பார்த்துச் சந்தைக்குப் போய், அதே வெங்காயக் கடை வாசலில் நின்றார்.

"எல்லாரும் கேளுங்கோ! அச்சுவேலிப் பிள்ளை ஒரு சதமும் எடுக்கேல்லை. எனக்குத்தான் விலை பாக்கத் தெரியேல்லை."

சிவகரன் தராசை விட்டுவிட்டு நிமிர்ந்தான். இருபத்தாறு வருடம் அவரிடம் வாங்கிக் கட்டினவன். "என்னக்கா பிழைச்சது? அந்தரோ, கிலோவோ?"

சந்தை குலுங்கிச் சிரித்தது. "அந்தர்தான் மோனை. நல்லாச் சிரி" என்றார் கமலாவதி. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கூட்டத்தில் அந்த இரண்டு அச்சுவேலிக்காரரையும் தேடிப் பிடித்து, அவர்களுக்குத் தனியாக இன்னொருமுறை சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தார்.

கீர்த்திகா அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பினாள். கூரைக்குத் தேவையான அளவுக்கு இரண்டாயிரம் பங்கை விற்கக் கமலாவதி அவளிடமே போனார். ஒரு கட்டு முருங்கைக்காயும் கொண்டுபோனார். பெட்டை எழுந்து கதிரை காட்டினாள். திரையைத் திருப்பி, கடந்த ஆறு மாத விலையை முன்போலவே ஒன்றும் மறைக்காமல் காட்டினாள். விற்று முடித்ததும் சீட்டை நீட்டினாள்.

"எல்லாம் சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ, மேடம்."

கமலாவதி பார்த்தார். பங்கின் தொகை, விலை, திகதி, ஒன்றிலும் பிழையில்லை. அவள் வாயில்தான் 'அன்ரி' போய் 'மேடம்' வந்திருந்தது. கோடு கீறித் திருத்த அந்தச் சீட்டில் ஒன்றும் இருக்கவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு, முருங்கைக்காய்க் கட்டை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார்.