தக்காளி வண்டியில் வந்த சீர்

என் தாய்மாமன் தாராள மனசுக்காரர் என்று மாரண்டஹள்ளிப் பக்கம் பேர். கூடப்பிறந்தவளுக்குச் சீர் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாதாம். அதைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். அப்பா அடித்த அடியில் அம்மாவுக்கு இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் மாமன் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமன் கறி எடுத்துச் சமைக்கச் சொன்னார். எனக்குப் பாவாடை சட்டை, அம்மாவுக்குப் பட்டுச்சேலை, ஒரு கூடை லட்டு எல்லாம் வாங்கி வந்தார். ஏதோ விசேஷம் என்றே நான் நினைத்தேன். எங்களைத் திருப்பி அனுப்பத்தான் இந்தச் சீர் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. சேலையை அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணா, இதெல்லாம் எனக்கு வேணாம். தோட்டத்து மோட்டார் ரூம மட்டும் குடு. நானும் புள்ளயும் ஒரு ஓரமா இருந்துக்கறோம். தக்காளி பறிக்கிற வேலையெல்லாம் நானே பாக்கறேன்," என்றாள்.

"கட்டிக்குடுத்த பொண்ணு மோட்டார் ரூம்ல கெடந்தா ஊரு என்னயத்தான காறித் துப்பும்?" என்றார் மாமன்.

அந்தத் தோட்டமும் கிணறும் அவர்களுடைய அப்பா விட்டுப்போனவை. அதில் அம்மாவுக்கும் பங்கு உண்டு என்று சொல்ல ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. உர மூட்டைக்கு இடமிருந்த அந்த அறையில் அந்த அப்பா பெற்ற மகளுக்கு இடமில்லை. எனக்கோ, தேள் ஓடும் அந்த ரூமில் படுக்க வேண்டாம் என்றதும் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் தக்காளி ஏற்றிப்போகும் வண்டியில் லட்டுக் கூடையோடு எங்களையும் ஏற்றினார். அப்பா குளித்து, திருநீறு பூசி, ஒன்றும் தெரியாத சாதுவாக எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தார். மாமன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, அதுக்கு வாய் கொஞ்சம் நீளந்தான். நீங்கதான் அனுசரிச்சுப் போவணுங்க."

என் தங்கச்சி கண் ஏன் இப்படி இருக்கிறது என்று அந்தப் பெரிய மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்தவனிடமே மன்னிப்புக் கேட்டு, காப்பியும் குடித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அம்மா படியேறவில்லை. வண்டி போன திசையைப் பார்த்தபடி தெருவிலேயே நின்றாள். புதுப் பாவாடை கசங்காமல் படியில் உட்கார்ந்திருந்த நான்தான் அவளைக் கூப்பிட்டேன்.

"செருப்ப அவுத்துட்டு உள்ள வாம்மா. நம்ம வூடுதான?"