எட்டுக் கிலோவிலிருந்து ஒரு புருஷன் வரை

கெட்டில்பெல் சொல்லித்தரும் வேலையில் "தூக்குங்க" என்று சொல்வதைவிட "கீழே வைங்க" என்று கத்துவதுதான் அதிகம். கைப்பிடி வைத்த அந்த இரும்புக் குண்டுகளைப் பார்த்ததும் எல்லாருக்கும் பெரியதுதான் வேண்டும். ஜிம் நடத்தும் உங்களுக்கும் தொண்டை கட்டியிருக்கும். எனக்கு ஏற்காட்டுக் குளிர் வேறு.

சும்மாடு

பூங்கொடி தலைச்சோலையில் காப்பி எஸ்டேட் வேலை பார்ப்பவர். முதல் நாள் எட்டுக் கிலோ குண்டைக் காட்டினேன். பழம் பறிக்கிற கூடையே இதைவிடக் கனம் என்று முகத்தைச் சுளித்தார். மூடுபனி உள்ளே வருகிறதே என்று ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினால், பதினாறு கிலோ குண்டு அவர் தலைமேல் இருக்கிறது! துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, கை விட்டு நடந்துகொண்டிருக்கிறார். எனக்கு உயிர் போய் வந்தது.

திட்டித் தீர்த்த பிறகுதான் வந்த காரணத்தைச் சொன்னார். கணவர் ராசு, மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறி விழுந்தவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற, பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு ஆட்கள் வர வேண்டும். அவர்கள் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை மனுஷனுக்குக் கட்டில்தான். சொல்லிவிட்டு, குண்டை இறக்கி வைத்தார். "அவரை நானே தூக்கோணுமுங்க மேடம். ஆனா அவரைத் தலையில வெக்க முடியாதுங்களே!"

குடம்

எட்டுக் கிலோவிலேயே வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தேன். முதுகை வளைத்து வெடுக்கென்று இழுப்பது மூட்டை தூக்கியவர்களின் பழக்கம். அப்படி ஒரு ஆளைத் தூக்கினால் வீட்டில் இரண்டு கட்டில் போட வேண்டியிருக்கும். இடுப்பைப் பின்னால் தள்ளு, முதுகை நேராக வை, தொடையால் எழு என்று அதையே ஓதினேன். பூங்கொடிக்கு என்மேல் கொலைவெறி.

ஒரு நாள் ஜலதோஷத்தோடு வந்தார். ஆனால் குண்டைக் காலிடுக்கில் விட்டு முன்னும் பின்னும் ஆட்டியபோது முதுகு பலகை மாதிரி நின்றது. பன்னிரண்டு கிலோவை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, எப்படி வந்தது என்று கேட்டேன். வீட்டில் பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் பிடித்து ஆட்டிப் பழகினாராம். "ஊடு பூரா தண்ணிங்க. ஆனா மரத்துலருந்து உழுந்ததுக்கப்பறம் நேத்துத்தான் அவரு சிரிச்சாருங்க."

இருபது கிலோ இல்லாத ஜிம்

பதினாறு சமர்த்தாக வந்துவிட்டது. அடுத்து எங்களிடம் இருப்பது இருபத்துநாலு. நடுவில் இருபது வாங்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் கூரை ஒழுகும். அதனால் கைக்கு ஒன்றாக இரண்டு பன்னிரண்டுகளைக் கொடுத்து, குனிந்து எடுக்கவும் நடக்கவும் வைத்தேன். பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஸ்டீபன், "லேடீஸுக்குப் பதினாறே போதுமுங்க மேடம்" என்றான். நான் பார்த்த பார்வையில் அவன் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

அன்றும் நல்ல மூடுபனி. கைப்பிடியைத் துடைத்து, சாக்பொடி பூசிக்கொண்டு, பூங்கொடி இருபத்துநாலின் முன் நின்றார். இடுப்பு பின்னால் போனது, குண்டு காலிடுக்கில் புகுந்து வெளியே வந்து நெஞ்சு உயரத்தில் மிதந்தது. இறக்கி வைக்கும்போதுகூட முதுகு வளையவில்லை. நான் வெட்கமில்லாமல் கூத்தாடினேன். ஸ்டீபன் மெதுவாகப் பூங்கொடியின் அருகில் வந்தான். "ஏனுங்கக்கா, எங்க பசங்களுக்கு ஒருக்கா செஞ்சு காட்டறீங்களா?"

கைப்பிடி இல்லாத எடை

இரும்பு அசையாமல் நிற்கும், மனிதர் நெளிவார். அதனால் முதலில் என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் பழகினார். என் எடையைச் சத்தம் போட்டுச் சொன்னதை இன்னும் மன்னிக்கவில்லை. பிறகு ஒரு காலையில் தலைச்சோலைக்கு நானும் போனேன். வழக்கம்போல் வந்த இரண்டு ஆட்களையும் "நீங்க போய் டீ குடிங்க" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார் பூங்கொடி.

ராசுவை மெல்ல உட்காரவைத்து, அவர் கைகளைத் தன் கழுத்தில் கோத்து, முழங்காலால் அவர் முழங்காலை அணைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளி எழுந்தார். எழுந்தேவிட்டார். திரும்பி, அலுங்காமல் சக்கர நாற்காலியில் வைத்தார். வாசலில் வாடகை ஜீப் நின்றது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், அதே மாதிரி தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தார். அடிபட்ட பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர வெளியே போகாத மனுஷன், அன்று சும்மா ஏரியைப் பார்க்கக் கிளம்பினார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. ராசு சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "ஏனுங்க மேடம், இனிமே சண்டை வந்தா நான்தாங்க மொதல்ல வாயை மூடோணும்."

இப்போது எங்கள் ஜிம்மில் சேர வரும் பெண்கள் எடை குறையுமா என்று கேட்பதில்லை, புருஷனின் எடையைச் சொல்லி எந்தக் குண்டில் ஆரம்பிப்பது என்றுதான் கேட்கிறார்கள்.