வோட்டு இல்லாத வீடுகள்

கண்ணுகளா, என் பெரியம்மாவை நீங்கள் மாநிலச் சட்டசபை உறுப்பினராகத்தான் பார்த்திருக்கிறீர்கள். அவர் முதல் தடவை தேர்தலில் நின்று தோற்ற கதை உங்களுக்குத் தெரியாது. தோற்றதற்கு நானும் ஒரு காரணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அவர் அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பிரின்சிபல். எனக்கு ஒன்பது வயது. அப்பா அம்மாவோடு நான் இந்தியாவிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சாயங்காலமானால் பெரியம்மா வீடு வீடாகக் கிளம்புவார். நோட்டீஸ் கட்டோடு நானும் பின்னால் ஓடுவேன். எங்கள் கையில் வாக்காளர் லிஸ்ட் இருக்கும். ஆனால் ஏதாவது கதவில் மாவிலைத் தோரணம் தெரிந்தால் போதும், அவர் கையைப் பிடித்து அங்கே இழுத்துவிடுவேன். நம்ம ஆட்கள் நமக்குப் போடாமல் யாருக்குப் போடுவார்கள்?

அந்த வீடுகளில் காபி குடிக்காமல் எழுந்திருக்க முடியாது. பெரியம்மாவோ வோட்டைப் பற்றி வாயே திறக்க மாட்டார். பையன் எந்த வகுப்பு, ஸ்கூல் மீட்டிங்குக்குப் போகிறீர்களா, டீச்சரிடம் பேச ஏன் கூச்சம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பிரசாரத்துக்கு உதவியாகக் கூட வந்த காலேஜ் அண்ணன் லிஸ்டைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்.

கொஞ்ச வோட்டில் தோற்றுப்போனார்.

மறுநாள் பக்கத்துத் தெரு அங்கிள் ஒருவர் ஆறுதல் சொல்லப் பெரியம்மா வீட்டுக்கு வந்தார். நாங்கள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, எங்கள் சப்போர்ட் உங்களுக்குத்தான் மேடம் என்று சொல்லி, வடை பொட்டலம் கட்டிக் கொடுத்தவர். ஆனால் வோட்டுப் போடும் இடத்தில் அவரை நான் பார்க்கவே இல்லை. எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்: "நீங்க வோட்டே போடலதானே அங்கிள்?"

அவர் முகம் சின்னதாகிப் போயிற்று. "ஆமா தம்பி, போடல," என்றார். உடனே எழுந்து கிளம்பிப் போனார்.

பெரியம்மா என்னைத் திட்டவில்லை. "அவருக்கு கிரீன் கார்டே இன்னும் வரலடா. சிட்டிசன் ஆனாத்தான் இங்க வோட்டு. நீ இழுத்துட்டுப் போன வீட்ல முக்காவாசி அப்படித்தான். உங்கப்பாவுக்கும் கிடையாது."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"அந்த வீட்லல்லாம் பிள்ளைங்க இருக்காங்களேடா," என்றார்.

வோட்டுக் கேட்கப் போனவருக்குப் பிள்ளைகளோடு என்ன வேலை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அங்கிளின் முகம் மட்டும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அன்று சாயங்காலம் தனியாக அவர் வீட்டுக்குப் போனேன். பெல் அடிக்கத் தைரியம் வரவில்லை. வாசற்படி முழுக்க நவம்பர் மாதத்து இலைகள் ஈரமாக ஒட்டிக்கிடந்தன. ஒவ்வொரு படியாகக் கையால் அள்ளி ஓரத்தில் குவித்துவிட்டு, யாரும் கதவைத் திறப்பதற்குள் ஓடி வந்துவிட்டேன்.