ஊழியர் வரிசையில் ஒரு தேங்காய்த் துருவி

விமான நிலையத்தில் எங்களுக்கென்று ஒரு தனி வரிசை உண்டு. விமானிகளும் பணிப்பெண்களும் அடையாள அட்டையைக் காட்டி அதில் போவோம். பயணிகள் வரிசை நாலு மடிப்பாக வளைந்து நிற்கும் நேரத்திலும் இங்கே ஐந்தாறு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். சோதனை என்னவோ அதேதான். பை ஸ்கேனருக்குள் போகும். திரைக்குப் பின்னால் ஒரு பெண் காவலர் உடம்பைத் தடவிப் பார்ப்பார். காத்திருப்பு மட்டும்தான் குறைவு. விடுப்பில் சொந்த வேலையாகப் பறக்கும் விமானிகளும் அந்த வரிசையில் போகலாம் என்று அனுமதி வந்த புதிதில் நடந்தது இது.

மதுரையில் இருக்கும் என் தங்கைக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. அம்மா உடனே போயாக வேண்டும். ரயிலில் போனால் இரண்டு நாள் ஆகும். நான் கேப்டனாகி வருடங்கள் ஆகியும் அம்மா அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. கேட்டால் ஒரே பதில்தான்.

"ஒன்ன நம்புதேன்ட்டி. மத்தவன எப்படி நம்புவேன்?"

நான் ஓட்டுவது வெளிநாடு போகும் பெரிய விமானங்கள். அவை மதுரைக்குப் போவதில்லை. இந்த முறை பேரனின் படத்தை போனில் பார்த்ததும் அம்மாவே, "சரி, எடு டிக்கெட்ட" என்றாள். நானும் கூடப் போக நான்கு நாள் விடுப்பு எடுத்தேன்.

செம்பூரிலிருந்து டாக்சியில் வரும்போது அம்மா டிரைவரிடம்கூடத் தணிந்த குரலில்தான் பேசினாள். தாராவியில் முறுக்கு சுட்டு விற்று எங்கள் இருவரையும் படிக்க வைத்தவள். கடைக்காரர்களிடமும் போலீஸ்காரர்களிடமும் ஒரு நாளும் குரல் தாழ்த்தாதவள். அன்று கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி வந்தாள்.

பெட்டியைக் கவுண்டரில் போட்டுவிட்டு பாதுகாப்புச் சோதனைக்கு வந்தோம். தனி வரிசையில் அம்மாவுக்கு அனுமதி கிடையாது. நானும் அவளோடு பயணிகள் வரிசையில் நிற்கிறேன் என்றேன்.

"எதுக்குட்டி? ஒனக்குன்னு ஒரு வழி வச்சிருக்காவள்லா? போ. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

பயம் இருந்தாலும் அவளுக்கு மானம் பெரிது. போனேன். ஜீன்ஸும் பழைய குர்த்தாவும் போட்டிருந்தேன். தோளில் ஒரு முதுகுப்பை. பயணிகள் வரிசையிலிருந்து ஒருவர், "மேடம், லைன் இதர் ஹை" என்று தங்கள் வரிசையின் கடைசியைக் கைகாட்டினார். எனக்கு இது பழக்கம். சீருடையிலேயே என்னைப் பணிப்பெண் என்று நினைத்துத் தண்ணீர் கேட்டவர்கள் உண்டு. அட்டையைத் தூக்கிக் காட்டினேன். "பைலட்" என்றேன். அவர் நாகரிகமாகத் தலையசைத்தார்.

என் முன்னால் சீருடையில் ஓர் இளம் துணை விமானி நின்றிருந்தார். நான் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர். வணக்கம் சொல்லிவிட்டு எனக்கு வழிவிட்டார். பையைப் பெல்ட்டில் வைத்தேன். திரைக்குள் போய் வந்தேன். பை வரவில்லை.

ஸ்கேனர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் காவலர் என்னை ஏறிட்டார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்னைச் சோதிப்பவர்தான். பையைத் திறந்து, சால்வைக்கு அடியில் கையை விட்டு, செய்தித்தாள் சுற்றிய ஒன்றை வெளியே எடுத்தார். தாளைப் பிரித்தால் தேங்காய்த் துருவி. கனமான இரும்பு. நுனியில் வட்டமாகப் பல் வைத்தது.

"கேப்டன் மேடம், யே க்யா ஹை?" என்று துருவியைத் தூக்கிக் காட்டி, அது என்னவென்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பெட்டியின் எடை கூடிவிடும் என்று அம்மா இதை என் பையில் சொருகியிருக்கிறாள்.

"பையை நீங்களே அடுக்கினீர்களா?" என்று இந்தியில் கேட்டார்.

"இல்லை. அம்மாவும் கை வைத்திருக்கிறாள்."

அதற்குள் துணை விமானி அருகில் வந்து, தணிந்த குரலில், "மேம், காக்பிட்டில் நமக்குக் கோடரியே வைத்திருக்கிறார்கள். இதில் என்ன? அதிகாரியிடம் நான் ஒரு வார்த்தை சொல்லட்டுமா?" என்றார்.

கோடரி உண்மைதான். தீப்பிடித்தால் கதவையும் சுவரையும் உடைத்துக்கொண்டு வெளியேற வைத்திருப்பது. ஆனால் அன்று நான் காக்பிட்டில் உட்காரப் போவதில்லை. பயணியாக, அம்மாவின் பக்கத்தில் உட்காரப் போகிறேன்.

"வேண்டாம். இந்த வரிசை நம்மைச் சீக்கிரம் சோதிக்கத்தான். சோதிக்காமல் விடுவதற்கு இல்லை" என்றேன். அவர் முகம் கொஞ்சம் சிவந்தது. "கரெக்ட், மேம்" என்றார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம், தன் சோதனையை முடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். எனக்கு முன்பே வந்துவிட்டாள்! வயதானவர் என்று வரிசையில் யாரோ முன்னால் அனுப்பியிருக்கிறார்கள். துருவியைப் பார்த்ததும் அவளுடைய பழைய குரல் திரும்பியது.

"அரே சாப், யே நாரியல் கா ஹை! மேரா பேட்டி கேப்டன் ஹை!" அது தேங்காய்க்கு, என் மகள் கேப்டன் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் முழங்கினாள்.

சுற்றி நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

"யம்மா, நீ சும்மா இரி. அவங்க சொல்லுறது சரிதான்."

"பிள்ள பெத்தவளுக்குத் தேங்காப்பால் எடுக்காண்டாமா?"

"எடுக்கலாம். இதைப் பெட்டியோட அனுப்பிட்டு வாரேன். நீ அந்த நாற்காலியில உக்காரு."

பெண் காவலர் துருவியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "என் அம்மாவும் இப்படித்தான். சொல்லாமல் எதையாவது வைத்துவிடுவாள்" என்றார். வெளியே வந்து, பெட்டியைப் போட்ட அதே கவுண்டரில் துருவியோடு முதுகுப்பையையும் போட்டு அனுப்பினேன். கவுண்டர் எப்போது மூடுவார்கள் என்பது எனக்குத் தெரியும், ஓட வேண்டியிருக்கவில்லை. திரும்பவும் அதே தனி வரிசைக்கு வந்தேன். கூச்சமாக இல்லை. அட்டையைக் காட்டினேன், மறுபடியும் முழுச் சோதனை. கைகளை நீட்டி நின்றேன். அதே பெண் காவலர் இப்போது திரைக்குப் பின்னால் வந்து, சிரித்துக்கொண்டே, ஒன்றையும் விடாமல் சோதித்தார்.

அம்மா நாற்காலியில் யோசனையாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, தெனமும் ஒன்ன இப்படித்தான் சோதிப்பாவளா?"

"ஆமா. ஒவ்வொரு தடவையும்."

"இந்த பிளேன ஓட்டப் போறவரையும்?"

"அவரையும்தான். குடிச்சிருக்காரான்னு ஊதவும் சொல்லுவாங்க."

"கேப்டன்னா சலாம் போட்டு உள்ள விட்டுருவாவன்னுல்லா நெனச்சேன்."

பிறகு கைப்பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். "ஒன்னையே நிறுத்தி வச்சிப் பாக்காவன்னா பயமில்லாம ஏறலாம்" என்று சொல்லி எனக்கும் ஒன்று கொடுத்தாள். இத்தனை வருடமாக நான் என்னென்னவோ விளக்கியிருந்தேன். இரண்டு எஞ்சின், மாதக்கணக்கில் பயிற்சி, ஆறு மாதத்துக்கு ஒரு பரீட்சை. அதெல்லாம் அவளிடம் எடுபடவில்லை. என் பையில் இருந்து துருவியை எடுத்தது எடுபட்டது.

ஜன்னல் பக்கம் அவளை உட்காரவைத்தேன். ஓடுபாதையில் விமானம் வேகம் பிடித்தபோது அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கால்கள்தான் தாமாகவே தரையை அழுத்திக்கொண்டிருந்தன, காக்பிட்டில் போலக் காலடியில் பெடல் இருப்பதுபோல. அம்மா அதைக் கவனித்துவிட்டாள். என் முழங்காலில் கையை வைத்தாள்.

"சும்மா இரிட்டி. அவிய ஓட்டட்டும்."