கூட்ட மறந்த ஒன்று

'சி' என்ற கணினி மொழியில் 'செலக்ட்' என்று ஒரு அழைப்பு உண்டு. பல கம்பிகள் இருந்து, எதில் எப்போது செய்தி வரும் என்று தெரியாதபோது, எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து ஒரே இடத்தில் காத்திருக்க அது உதவும். முப்பது ஆண்டுகள் அரசு நடைமுறைகளைப் படித்தும் பிறருக்குப் பாடம் எடுத்தும் ஓய்வு பெற்றவன் நான். அவற்றில் எதுவும் இந்த அழைப்பைப் போல என்னைத் தொந்தரவு செய்ததில்லை. அதன் காரணமாக ஒருவருக்கு வேலை போயிற்று.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் செங்கல்பட்டில் மழை அளவுகளைத் திரட்டும் ஒரு சிறு பிரிவுக்குக் கண்காணிப்பாளராக இருந்தேன். கொளவாய் ஏரிக் காற்று வரும் அறை. கணிதம் படித்தவன் என்பதால் கணினியும் என் தலையில் கட்டப்பட்டிருந்தது. வேடந்தாங்கல், திருப்போரூர், கேளம்பாக்கம், கோவளம், மாமல்லபுரம், அதற்குத் தெற்கே ஒரு குப்பம் என்று ஆறு இடங்களில் மழைமானிகள் இருந்தன. ஏழாவது எங்கள் மொட்டைமாடியில். ஒவ்வொன்றுக்கும் ஒரு தினக்கூலிப் பணியாளர். அவர் காலையில் மழைமானியைப் பார்த்து, அளவை ஒரு சிறு பெட்டியில் எண்களாகத் தட்டி, பொத்தானை அமுக்க வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியே அது எங்கள் கணினிக்கு வந்து, திரையில் அந்த ஊருக்கான கட்டத்தில் விழும். மழை இல்லையென்றால் சுழியம் தட்ட வேண்டும். பெய்யவில்லை என்பதும் அரசுக்குத் தெரிய வேண்டிய செய்திதான்.

இதற்கான கணினி நிரலை எழுதியது ஒப்பந்தத்தில் வந்த ஒரு கம்பெனிக்காரர். கெட்டிக்காரர். ஒரு கம்பியில் செய்தி வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றால் மற்ற ஆறும் கவனிப்பாரற்றுப் போகும். ஒவ்வொன்றாகப் போய் வந்ததா, வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் கணினிக்கு வேறு வேலை ஓடாது. அதனால் செலக்டைப் போட்டிருந்தார். ஏழு கம்பிகளையும் அதனிடம் ஒப்படைத்துவிட்டு நிரல் தூங்கும். எதிலாவது எழுத்து வந்தால் செலக்ட் எழுப்பிவிடும். எனக்கு அதை விளக்கிச் சொல்லிவிட்டு, அடுத்த மாதமே அமெரிக்கா போனார்.

தொடக்கத்திலிருந்தே ஒரு குறை இருந்தது. பட்டியலில் ஏழாவதாக இருந்த எங்கள் மொட்டைமாடி அளவு மட்டும் திரையில் வந்ததே இல்லை. யாரும் கவலைப்படவில்லை. எழுத்தர் மாடிக்குப் போய்ப் பார்த்து எழுதிவிடுவார். மூட்டுவலி இருக்கும் நாட்களில் ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதிவிடுவார்.

பிறகு புதிய அதிகாரி வந்தார். முதல் நாள் திரையைப் பார்த்தார்.

"என்ன சார் இது, ஹெட் ஆபீஸ் கடைசியில இருக்கு? குப்பத்துக்குக் கீழயா நாம?"

"வரிசைக்கு அர்த்தம் எதுவும் இல்ல சார். கம்பி இழுத்த வரிசை, அவ்வளவுதான்."

"நம்ம லெட்டர்ல நகல் யார் யாருக்குன்னு போடறப்ப கலெக்டரைக் கடைசியில போடுவீங்களா?"

போட மாட்டேன். அந்த நடைமுறை எனக்குத் தெரியும். நிரல் தன் பட்டியலை ஒரு தனிக் கோப்பிலிருந்து படித்துக்கொள்ளும். அந்தக் கோப்பில் எங்கள் பெயரை மேலே கொண்டுபோகும்படி எழுத்து மூலம் ஆணை வந்தது. செய்து, இயந்திரத்தை ஒருமுறை அணைத்து ஏற்றினோம். மறுநாள் காலை, அதுவரை ஊமையாக இருந்த மொட்டைமாடி பேசத் தொடங்கியது. அதிகாரி அறையிலிருந்து வெளியே வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பாத்தீங்களா? மரியாதைப்படி வெச்சா மிஷினும் வேலை செய்யுது."

அன்றிலிருந்து குப்பத்தின் கட்டம் காலியாக இருந்தது.

இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நிரலின் மூலத்தைப் பார்க்க வேண்டும் என்று குறிப்பு வைத்தேன். மூலம் அடங்கிய கணினித் தட்டு அரசுச் சொத்து. முத்திரையிட்டு அலமாரியில் இருந்தது. திறக்கச் சென்னை அனுமதி தேவை. குறிப்பு சென்னைக்குப் போயிற்று. நடைமுறை தெரிந்தவன் என்பதால் அது எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஐப்பசியில் கடற்கரைப் பக்கம் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. கலெக்டர் கூட்டத்தில், குப்பத்தில் எவ்வளவு மழை என்று கேட்டார்கள். எங்கள் அதிகாரி தாளைப் பார்த்தார். காலி. பக்கத்தில் இருந்த மீன்துறைக்காரர், "சார் ஊர்ல வெயில் போலிருக்கு" என்றாராம். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு விலையை யாராவது கொடுத்தாக வேண்டும். அதிகாரி திரும்பி வந்ததும் குப்பத்துப் பணியாளருக்கு முதல் மெமோ தயாரானது.

அவர் முன்பு கடலுக்குப் போனவர். கயிறு சுற்றி வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போனதால் கரையில் நின்றுவிட்டார். வயது நாற்பத்தைந்து இருக்கும். தொடர்ந்து பத்தாண்டு, இடையில் முறிவு இல்லாமல் வேலை பார்த்த தினக்கூலிகளை நிரந்தரமாக்கும் ஆணை ஒன்று எங்கள் துறையில் இருந்தது. அவருக்கு ஒன்பது முடிந்திருந்தது.

விசாரணைக்கு நான் போனேன். மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, தெற்கே சவுக்குத் தோப்பு ஓரமாக நடை. அவர் வீட்டு வாசலில் மழைமானி, அதைச் சுற்றி ஆடு முட்டாமல் இருக்க முள்வேலி. பெட்டி உள்ளே, சாமி படங்களுக்குக் கீழே ஒரு பலகையில் இருந்தது. அவர் மனைவி வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தார்.

"வா சார், குந்து. இன்னா சார், நான் அமுக்கலன்னு எழுதிகீறாங்களாமே?"

"எழுதியிருக்காங்க."

"டெய்லி அமுக்கிகினுதான் கீறேன். அமுக்குனா செவப்பு லைட்டு மூணு வாட்டி கண்ணடிக்கும். லைட்டு பொய் சொல்லுமா?"

"அது யாரப் பாத்து கண்ணடிக்குதோ" என்றார் மனைவி, தலையை நிமிர்த்தாமல். "கட்டுனவ கூப்ட்டா திரும்ப மாட்டாரு இந்தாளு. ரெண்டு தூறல் போட்டா அந்தக் குழாயாண்ட ஓடுவாரு."

"நீ சும்மா இரு."

"நான் சும்மா இருந்தா பர்மெனன்ட் ஆயிடுமா? கேளு சார். எங்க அண்ணன் போட்டுல பங்கு தரேன், கரையில நின்னு ஏலம் பாத்துக்கன்னு கூப்ட்டான். வேணான்னுட்டாரு. கவர்மென்ட்டு வேலையாம்."

அவர் என்னைப் பார்த்து, "இன்னும் ஒரு வருசம் சார். அது ஓடிட்டா போதும்" என்றார்.

எனக்காக ஒருமுறை எண்களைத் தட்டிப் பொத்தானை அமுக்கினார். விளக்கு மூன்று முறை சிமிட்டியது. நான் மாமல்லபுரத்துக்குத் திரும்பி நடந்து, ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து எழுத்தரைக் கூப்பிட்டேன். குப்பத்துக் கட்டம் காலியாகத்தான் இருந்தது. தொலைபேசித் துறை கம்பியைச் சோதித்து, குறையில்லை என்று எழுதிக் கொடுத்தது. பணியாளர் பொத்தானை அமுக்குவதை நேரில் கண்டேன், ஆயினும் அளவு வந்து சேரவில்லை என்று நான் அறிக்கை வைத்தேன். அதிகாரி அதன் ஓரத்தில், 'கண்காணிப்பாளர் வந்த அன்று மட்டும் அமுக்கியிருக்கலாம்' என்று எழுதினார். அன்று அமுக்கியும் வரவில்லை என்பதற்கு ஓரத்தில் இடம் இருக்கவில்லை.

இங்கே திருப்போரூர்ப் பணியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிருத்திகைக்கு முருகன் கோயிலில் கூட்டம் சேரும். அவருடைய மாமனார் தேங்காய்க் கடையில் ஆள் போதாது. அதனால் கிருத்திகை அன்று பெய்யப்போகும் மழையை முதல் நாளே அனுப்பிவிடுவார். எப்போதும் சுழியம். சரியான கட்டத்தில் சரியான வடிவத்தில் வந்ததால் அது ஏற்கப்பட்டது. அவர் அந்த ஆண்டே நிரந்தரமானார். எங்களுக்கு இனிப்பும் கொடுத்தார்.

குப்பத்துக்காரருக்கு மூன்று மெமோக்கள் போயின. மூன்றுக்கும் யாரையோ பிடித்து எழுதி வாங்கி, தினமும் அனுப்பினேன் என்று பதில் அனுப்பினார். ஆதாரம் இணைக்கப்படவில்லை என்று மூன்றும் தள்ளப்பட்டன. தை முடிவதற்குள் வேலையிலிருந்து நீக்கி ஆணை போனது. சென்னை அனுமதி அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை வந்தது. தட்டை எடுத்து நிரலைத் திறந்து பார்த்தேன்.

கணினி தான் திறக்கும் ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் எண் கொடுக்கும். எண்ணுவது சுழியத்திலிருந்து தொடங்கும். முதல் மூன்று எண்கள் விசைப்பலகைக்கும் திரைக்கும் போய்விடும். ஆக, எங்கள் ஏழு கம்பிகளுக்கு மூன்று முதல் ஒன்பது வரை. எதுவரை கவனிக்க வேண்டும் என்று செலக்டிடம் சொல்லும்போது, இருப்பதிலேயே பெரிய எண்ணோடு ஒன்று கூட்டிச் சொல்ல வேண்டும். அதாவது பத்து. கையேட்டில் இது தெளிவாகவே இருக்கிறது. அமெரிக்கா போனவர் ஒன்பது என்று எழுதியிருந்தார். ஒன்பது என்றால் எட்டோடு நின்றுவிடும். செலக்ட் தவறு என்று சொல்லாது, எச்சரிக்காது. கடைசிக் கம்பியை மட்டும் கேட்காது. மொட்டைமாடி கடைசியில் இருந்தவரை கேட்காமல் போனது மொட்டைமாடி. நாங்கள் மரியாதைப்படி மேலே ஏறியதும் எல்லோரும் ஓரிடம் கீழே நகர்ந்தார்கள். விளிம்பில் குப்பம் நின்றது.

நிரலைத் தொடுவதற்கு முன், வேறொரு முனையத்திலிருந்து அந்தக் கம்பியில் என்ன தேங்கியிருக்கிறது என்று பார்த்தேன். கணினி வந்த எழுத்துகளை வாங்கி வைத்துக்கொண்டுதான் இருந்தது. நிரல் கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை. விசையை அழுத்தியதும் திரையில் வரி வரியாக இறங்கியது. ஆவணியில் வரிசை மாறிய நாளிலிருந்து ஒவ்வொரு காலையும். சுழியம், சுழியம், நான்கு, சுழியம், பதினொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடுபடவில்லை. புரட்டாசி நடுவில் நின்றுவிட்டது. வாங்கி வைக்கும் இடத்துக்கு ஓர் அளவு உண்டு. அது நிரம்பியபின் வந்ததையெல்லாம் கணினி கீழே போட்டுவிட்டது.

அச்செடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். அவர் பொறுமையாகவே படித்தார். கெட்டவர் இல்லை; அவசரமாக இருந்தாலும் கடைசி வரிவரை படிப்பார்.

"இதுல ஐப்பசி மழை எங்க?"

"இடம் நிரம்பிடுச்சு சார். அதுக்கப்புறம் வந்தது தங்கல."

"வந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க? புரட்டாசி வரைக்கும் அனுப்பினான், ஒத்துக்கறேன். சார்ஜ் ஐப்பசிக்கு."

"நிரல்ல பிழை இருக்கு சார். அனுப்பினாலும் நமக்குத் தெரிஞ்சிருக்காது."

"பிழையைத் திருத்திடுங்க. ஆணையில பிழை இருக்கா? மூணு மெமோ, மூணு பதில், விசாரணை அறிக்கை. நீங்களே சொல்லுங்க, எது விட்டுப்போச்சு?"

எதுவும் விட்டுப்போகவில்லை. அப்படிப்பட்ட ஆணையை எப்படித் தயாரிப்பது என்று பயிற்சி வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நிரலில் ஒன்றைக் கூட்டினேன். ஒரு நிமிட வேலை. மேல்முறையீட்டை நானே வரைந்து, குப்பத்துக்காரரின் கைநாட்டோடு சென்னைக்கு அனுப்பினேன். பதில் வர ஓர் ஆண்டுக்கு மேலானது, இரண்டாயிரம் பிறந்துவிட்டது. நீக்க ஆணையில் குறுக்கிட முகாந்திரம் இல்லை; ஆயினும் கருணை அடிப்படையில் புதிதாக நியமிக்கலாம் என்றது. புதிதாக என்றால் முதல் நாளிலிருந்து. அறுபது வயதில் வேலை முடிந்துவிடும் என்றாலும், அவருடைய வயதுக்குப் பத்தாண்டைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதற்கும் வழியில்லை. நிரந்தர ஆணை அந்தப் புத்தாண்டுக்கு முன் சேர்ந்தவர்களுக்கு மட்டும் என்று இடையில் திருத்தம் வந்திருந்தது.

பதிலையும் புதிய நியமனத்துக்கான விண்ணப்பத்தையும் நானே எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் முள்வேலி விறகாகிப் போயிருந்தது. அவர் மச்சினன் போட்டில் பங்கு இப்போது இல்லை. வேறு ஆள் சேர்ந்துவிட்டார். நான் சொன்னதையெல்லாம் குப்பத்துக்காரர் கேட்டுக்கொண்டார்.

"அப்போ நான் அமுக்குனது நெசம்னு ஒத்துக்கினாங்க."

"பாதி ஒத்துக்கிட்டாங்க."

"பழைய வருசம்?"

"சேராது."

"பர்மெனன்ட்டு?"

நான் திருத்தத்தைச் சொன்னேன். மனைவி உள்ளே இருந்தார்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எழுத்து வராது, விண்ணப்பத்தின் கேள்விகளை நான் படிக்க, அவர் சொல்ல, நான் எழுதினேன். பெயர், வயது, தந்தை பெயர். அடுத்தது அரசில் முன் பணி உண்டா என்பது. நீக்கத்தில் முடிந்த பணியைக் காட்டினால் நியமனமே விழுந்துவிடும் என்று விதி இருக்கிறது. அதை அவருக்கு விளக்கினேன்.

"இன்னான்னு எழுதணும்?"

"இல்லைன்னு."

அவர் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அத நான் சொல்ல மாட்டேன் சார். நீ எழுதிக்கோ" என்றார்.

எழுதினேன். அவர் கட்டைவிரலை மைப்பெட்டியில் வைத்தார்.